என் மகள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

விஜயபுரம்,
வெள்ளிக்கிழமை.

பிச்சாட்டூர் மகாராஜராஜஸ்ரீ கங்கையா அவர்கள் சமூகத்துக்கு, விஜயபுரம் திருமலை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி அம்சவேணியும் மகள் பிரித்திகாவும் ஏழுமலையான் புண்ணியத்தில் சௌக்கியம். தாங்கள் குடும்பத்தோடு சௌக்கியமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் எழுத உட்கார்ந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் கேட்கிறேன். பதில் தேவையில்லை.

போன ஞாயிறு நாராயணவனம் கோயிலில் நீங்கள் செய்த காரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்வது எதற்காக? சரிப்பட்டு வரவில்லை என்றால் சாமி கும்பிட வந்தோம் என்று சொல்லி இரண்டு வீட்டாரும் மானத்தோடு வீடு திரும்பலாம் என்பதற்காகத்தானே? அந்த மானத்தைத்தான் நீங்கள் கப்பலேற்றினீர்கள். தரிசனம் முடிந்து, கையில் புளியோதரைத் தொன்னையோடு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் மகன் பரணி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பெண் பிடித்திருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வீர்கள் என்று நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பொண்ணு கேம் ஆடறதப் பத்தி நெட்ல எழுதினதெல்லாம் வச்சி, ஆளு எப்படின்னு கம்ப்யூட்டரே இதுல போட்டுக்கீது, கேளுங்க" என்று ஆரம்பித்தீர்கள். அதையாவது மெதுவாகப் படித்தீர்களா? தூணோரம் இருந்த ஒரு அம்மாள் பஞ்சாங்கம் படிக்கிறார்கள் என்று நினைத்துக் கை கூப்பியபடி நம் பக்கமே நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். உங்கள் மருமகன் பிரவீன் திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவர் சிரித்த சிரிப்பிலேயே இது யார் கைவேலை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நீங்கள் பெண் பார்க்க வந்தீர்களா, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணைக்கு வந்தீர்களா? கல்யாண வயசுப் பெண் போனில் என்ன எழுதியிருக்கிறாள் என்று வருஷக்கணக்காகத் தோண்டிப் பார்ப்பதுதான் பிச்சாட்டூர் மரியாதையா? உங்கள் கையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நான் எழுந்து வந்ததில் தப்பே இல்லை. அதற்குப் பிறகு பிரவீன் பலமுறை போன் செய்தார். எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். போனில் என்றால் நடுவில் புகுந்து பேசுவீர்கள். கடிதத்தில் நான் மட்டும்தான் பேசுவேன்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். 'இவர் எதிலும் எளிதில் திருப்தி அடைபவர் அல்ல, எந்த விளையாட்டுக்கும் இதுவரை ஐந்து நட்சத்திரம் தந்ததில்லை' என்று முதல் வரி. பச்சைப் பொய். என் மகள் தட்டில் எதைப் போட்டாலும் குறை சொல்லாமல் சாப்பிடுவாள். இதை எழுதும்போது பக்கத்திலிருந்த அம்சவேணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். குறை சொல்ல மாட்டாள், எழுந்து போய் உப்பை எடுத்து அவளே போட்டுக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு இவள் அடுப்பை மூட்டப் போய்விட்டாள். அடுத்தது, 'காசு கட்டினால் ஜெயிக்கலாம் என்று வைத்திருக்கும் விளையாட்டுகளை இவர் அடியோடு வெறுக்கிறார், அவற்றை விளையாடுபவர்களையும் மதிப்பதில்லை.' இதைப் படித்ததும் உங்கள் மருமகன், அப்போ மாமா, வரதட்சணைப் பேச்சை இப்போதே மறந்துடுங்க என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் ஏதாவது தர மாட்டேன் என்று சொன்னேனா? வாயே திறக்காத என்னைக் கஞ்சனாக்கிவிட்டீர்கள். அதற்கும் கீழே, 'வில் பெரிதா துப்பாக்கி பெரிதா என்று பிரேசில் நாட்டுக்காரர் ஒருவரோடு வாரக்கணக்கில் வாதாடி, கடைசியில் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தார்' என்று எழுதியிருக்கிறது. ஐயா, ஸ்ரீசிட்டியில் வேலை பார்த்தாலும், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவில் ஒரு ஆம்பிளையை ஏறிட்டுப் பார்க்காத பெண் அவள். அவளுக்கு பிரேசில் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? நான் எழுதிக் கொடுத்த பயோடேட்டாவில் என்ன போட்டிருந்தேன்? அடக்கமான குணம், அதிகம் பேசமாட்டாள், வீட்டு வேலைகள் தெரியும், தனக்கென்று எந்த அபிப்பிராயமும் கிடையாது. பெற்றவன் எழுதியது பொய், எங்கேயோ இருக்கும் மெஷின் எழுதியது நிஜமா?

திரும்பி வரும்போது புத்தூரிலிருந்து நகரி பஸ்ஸில் நின்றபடியே வந்தோம். பிரித்திகா இரண்டு முறை என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் போனில் எழுதினது அத்தனையையும் இப்போதே அழி என்றேன். அவள் போனை மேஜை மேல் வைத்துவிட்டு, "அழிச்சிட்டா, நான் எப்படின்னு யாருக்கு நைனா தெரியும்?" என்றாள். பெற்ற எனக்குத் தெரியாதா என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, காகிதத்தில் இருப்பது எல்லாம் பொய் என்று நிரூபித்தே தீருவது என்று அம்சவேணியின் போனை எடுத்து, என் மகள் எழுதியதை நானே ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தேன். அங்கேதான் என் கெட்ட நேரம். முகத்துக்குப் பதில் புலிப் படம் போட்டுக்கொண்ட ஒருத்தன், பொண்ணுக்கு கேமைப் பத்தி இன்னா தெரியும், போய்ச் சோறு ஆக்கு என்று என் மகளுக்கு எழுதியிருந்தான். நீ வெறும் சோறு துன்றவன்தானே, உனக்கு மட்டும் இன்னா தெரியும் என்று எழுதினேன். அவன் பதில் எழுதினான். நான் விடவில்லை. விடுவதற்கு அவன் என்ன சம்பந்தியா? இந்த மும்முரத்தில் மல்லாட்டைக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததே மறந்துவிட்டது. தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்த கொல்லைக்குப் போய், அந்தக் கொல்லைக்காரி சுந்தரம்மா காயப்போட்டிருந்த வேர்க்கடலைக் கொடியெல்லாம் நனைந்து, அவள் வாசலில் நின்று என் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டினாள். போதாக்குறைக்கு நான் எழுதினது எல்லாம் அம்சவேணி பெயரில், அவள் வைத்திருந்த செம்பருத்திப் பூ படத்தோடு போயிருக்கிறது. நகரியில் இருக்கும் அவள் அக்கா போன் செய்து, இன்னாடி ஆச்சு உனக்கு, ரோட்டுல போறவனையெல்லாம் நெட்டில் திட்டிக்கினு இருக்கே என்று அழுதாளாம். கடைசியில் அந்தப் புலி ஓடிப்போயிற்று என்பது வேறு விஷயம்.

அவள் எழுதியதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று நாளாக அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'இந்த ஆட்டத்துல மட்டும்தான் நான் ஒண்ணு சொன்னா நாலு பேர் நின்னு கேக்கறாங்க' என்று எழுதியிருக்கிறாள். இதற்கு என்ன அர்த்தம்? எங்கள் வீட்டில் அவளைப் பேசாதே என்று யார் சொன்னது? அம்சவேணியிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது வந்த கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை, ஆகவே உங்கள் மேலேயே வைத்துக்கொள்கிறேன். அந்தக் காகிதத்தை நீங்கள் படிக்காமல் இருந்திருந்தால் நான் இதையெல்லாம் படித்திருக்கவே மாட்டேன்.

ஆகவே சாராம்சம் இது. இந்தச் சம்பந்தம் முடிந்தது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எங்களை அழைக்க வேண்டாம், எங்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் வரவும் வேண்டாம். வழியில் பார்த்தால் நான் பேருந்து வருகிறதா என்று பார்ப்பவன் போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன், தாங்களும் அப்படியே செய்யவும். பரணிக்கு வேறு நல்ல இடத்தில் பெண் அமைய என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரத்தையும், பிரவீன் தவிர மற்ற சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன்,
திருமலை

பின்குறிப்பு: உங்கள் பின்கோடு தெரியாமல் பிரித்திகாவிடம் கேட்டேன். கடிதத்தைக் கையில் வாங்கியவள் முழுவதையும் படித்துவிட்டு, "அந்தக் காகிதத்த அனுப்பினதே நான்தான் நைனா" என்றாள். பிரவீனுக்கு இதில் சம்பந்தமே இல்லையாம். தான் எழுதிய எல்லாவற்றையும் போனில் இருக்கும் மெஷினிடமே கொடுத்து, நான் எப்படிப்பட்ட ஆள், மறைக்காமல் சொல் என்று கேட்டு வாங்கி, உங்கள் மகள் சுலோச்சனாவுக்கு அவளே அனுப்பியிருக்கிறாள். நைனா கொடுத்த பயோடேட்டாவில் இருப்பது வேறு யாரோ, நான் இதுதான், இதைப் படித்துவிட்டு சரி என்றால் மட்டும் கோயிலுக்கு வாருங்கள் என்று எழுதினாளாம். அதைப் படித்த பிறகுதான் நீங்கள் எல்லோரும் கிளம்பி வந்திருக்கிறீர்கள். அத்தனையும் தெரிந்தும் வந்திருக்கிறீர்கள். அந்த மண்டபத்தில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

எனவே மேலே உள்ள எதுவும் செல்லாது. இந்தப் பின்குறிப்பு மட்டும் செல்லும். புது காகிதத்தில் மாற்றி எழுதலாம் என்று பார்த்தால், எழுதினது எழுதினபடியே போகட்டும், நீங்களும் எப்படிப்பட்ட ஆள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று பிரித்திகா சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிறு வீட்டுக்கே வாருங்கள், பிரவீனையும் அழைத்து வாருங்கள். நான் பிடுங்கி வந்த காகிதத்தை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், அது என்னிடமே இருக்கட்டும்.

இன்னொன்று. பரணி எப்படிப்பட்ட ஆள் என்று அதே மாதிரி ஒரு காகிதம் வந்தால்தான் தேதி குறிக்க வேண்டும் என்று பிரித்திகா சொல்கிறாள். சீக்கிரம் அனுப்பி வைக்கவும். தயவுசெய்து அதை நீங்கள் எழுத வேண்டாம். பெற்றவன் எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.