கூடவேக்காரரும் ஓர் ஓநாயும்

கூடவேக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. அதைச் சோம்பேறி இனத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சோம்பேறியைத் திட்டலாம், இரண்டு திட்டுக்கு எழுந்துகூட விடுவான். கூடவேக்காரரைத் திட்ட வழியே கிடையாது. அவர்தான் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருக்கிறாரே. என்ன, நீங்கள் சொன்ன வேலையை அல்ல.

எரியாத விளக்கை மாற்றுவதற்காக ஏணியில் ஏறுவார். ஏறியவர் கண்ணில் பரண் படும். பரணில் பழைய ரேடியோ படும். அதை இறக்கி, துடைத்து, பிரித்து, உள்ளே அறுந்திருந்த கம்பியைப் பற்றவைத்து, அதற்காகக் கடைக்குப் போய், போன இடத்தில் கூடவே ஒரு நல்ல திருப்புளியும் வாங்கி, சாயங்காலம் முகமெல்லாம் பூரிப்பாக உங்கள் முன்னால் வந்து நிற்பார். வீடு இருட்டில்தான் இருக்கும். ஆனால் ரேடியோ பாடும். அந்த முகத்தைப் பார்த்து விளக்கு என்ன ஆச்சு என்று கேட்க உங்களுக்கு மனசு வருமா?

கேட்டுப் பழக வேண்டிய கட்டாயம் ஒரு மேலாளர் அக்காவுக்கு வந்தது.

பாத்திரக் கடைக்கு மேலே, ஒரு மாடியறையில் அவருடைய அலுவலகம். மொத்தமே மூன்று பேர். அக்கா, படம் வரைகிற பெண், கணினி நிரல் எழுதுகிற நம்மவர், அதாவது கூடவேக்காரர். நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு அக்கா இந்த அறையைப் பிடித்தது ஒரே ஒரு வீடியோ கேமுக்காக. பனிக்காட்டில் ஒரு மனிதன் தனியாக மாட்டிக்கொள்கிறான். குளிர், பசி, ஓநாய் மூன்றிடமிருந்தும் தப்பி உயிர் பிழைக்க வேண்டும். குளிர் வந்துவிட்டது. பசியும் வந்துவிட்டது. ஓநாய்தான் வரவில்லை.

ஓநாய் நம்மவர் பொறுப்பு. அவர் கணினியில் ஒரு ஓநாய் இருந்தது என்னவோ உண்மை. அது பின்பக்கமாக நடந்தது. ஒரு கால் எப்போதும் தரைக்குள் புதைந்திருந்தது. மரத்தில் முட்டிக்கொண்டால் மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்து நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமென்றால் அந்த மரம்தான் பயப்பட வேண்டும்.

“தம்பி, ஓநாய் எந்த அளவுல இருக்கு?” என்று அக்கா கேட்பார்.

“வந்துட்டே இருக்குக்கா. கூடவே ஒரு சின்னது பண்ணியிருக்கேன், பாருங்களேன்.”

முதல் சின்னது மீன்பிடித்தல். உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் விடலாம். பசிக்கு மீன் வேண்டும்தானே என்று அக்கா விட்டுவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. அடுத்து, காட்டுக்குள் இருக்கும் குடிசை ஜன்னலில் கல்லின்மேல் கல் அடுக்குகிற விளையாட்டு. அதற்கும் அடுத்தது காகம்.

காகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். குடிசைக்குள் போனால் மேஜைமேல் ஒரு காகம் உட்கார்ந்திருக்கும். அதோடு தாயக்கட்டை உருட்டி விளையாடலாம். நாம் அசந்தால் காயை அலகால் ஒரு கட்டம் நகர்த்திவைத்துவிட்டு எங்கோ பார்க்கும். தோற்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சமாதானப்படுத்தினால்தான் அடுத்த ஆட்டம். ஒரு காகத்துக்கு இத்தனை குணத்தைக் கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு ஓநாயின் நாலு காலை ஒரே திசையில் நடக்கவைக்கத் தெரியாதா? தெரியும். அதுதான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தக் காகம் தலையைச் சாய்க்கிறதுக்கு மட்டும் எங்கிட்ட எத்தனை படம் வாங்கினார் தெரியுமாக்கா?” என்று படம் வரைகிற பெண் பொருமினாள். “என் ஓநாய் அங்க ஒத்தக்கால்ல நிக்குது.”

நம்மவர் காதில் விழாமல் இல்லை. பசியும் குளிரும் ஏறிக்கொண்டே இருந்தால் காகத்தோடு யாரும் நிம்மதியாக விளையாட முடியாது என்று தோன்றி, குடிசைக்குள் விளையாடுகிற நேரத்தில் அவை இரண்டையும் நிறுத்திவைத்தார். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, “விளையாடும்போது பசி தெரியாதில்லக்கா” என்றார். சொந்த அனுபவம்.

விளைவு என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். பரீட்சார்த்தமாக ஆடிப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் மளமளவென்று விறகு வெட்டினார்கள், குடிசையைக் கண்டுபிடித்தார்கள், உள்ளே போனார்கள். அவ்வளவுதான். ஒருத்தரும் வெளியே வரவில்லை. குளிராது, பசிக்காது, காகம் வேறு இருக்கிறது. எந்த மடையன் வெளியே வருவான்? போகும்போது ஒரு பிள்ளை மட்டும், ஆட்டம் பிரமாதம், ஆனால் உயிர் பிழைப்பது இவ்வளவு சுலபம் என்று நினைக்கவில்லை என்று பாராட்டிவிட்டுப் போனது.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை, கேமை வெளியிடுகிற நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் இந்த அறை இருக்கும். பிடிக்காவிட்டால் கீழே பாத்திரக் கடைக்காரர் கிடங்குக்காக வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் அவருக்குக் கிடைத்துவிடும். அந்த அம்மா போன தடவை வந்தபோதே, அடுத்த முறை ஓநாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கியிருந்தார்.

கெஞ்சியாயிற்று, அதட்டியாயிற்று. கெஞ்சியபோது நம்மவர் கண்கலங்கினார். அதட்டியபோது கூடவே பனிச்சறுக்கு ஒன்று செய்து காட்டினார். வேறு வழி தெரியாமல் அக்கா அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

அந்தப் பெண் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். குக்கர் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, பிறகு சொன்னாள்.

“அவர்கிட்ட வேலைய நேரா சொல்லவே கூடாதுக்கா. குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்து கெடந்துச்சு, நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பாட்டுப் பாடிக்கிட்டேதான் குளிக்கணும், உள்ள ஆள் இருக்குன்னு தெரியறதுக்கு. அப்புறம் ஒருநாள், தாழ்ப்பாள விடுங்க, அலமாரியில இருக்கிற பழைய ரசீத எல்லாம் தேதிவாரியா அடுக்கிக் குடுங்கன்னேன். அரைமணி நேரம். தாழ்ப்பாள் ஜம்முனு மாட்டியாச்சு.”

“ரசீது?”

“அது அப்படியேதான் கெடக்கு. அத யாரு கேட்டா?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு மட்டும்க்கா. சொல்லும்போது சிரிச்சிடாதீங்க. மோப்பம் பிடிச்சிட்டார்னா அம்புட்டும் போச்சு.”

மறுநாள் அக்கா முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நம்மவர் மேஜைக்குப் போனார். ஓநாயைக் கைவிட்டாயிற்று என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமைக்கு வேண்டியது ஆட்டக் கையேடு. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். கத்தரித்த மாதிரி, கச்சிதமாக.

நம்மவர் முகம் விழுந்தது. “ஓநாய் வேணாமாக்கா?”

“வேணாம். யாரும் அதைத் தொடக்கூடாது.”

படம் வரைகிற பெண் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். தண்ணீர்ப் பானை அறைக்கு உள்ளேதான் இருந்தது. அவள் ஏனோ மாடிப்படிக்குப் போனாள்.

நம்மவர் கையேட்டைத் திறந்தார். ‘ஆட்டக் கையேடு’ என்று தலைப்பிட்டார். எழுத்தைப் பெரிதாக்கினார். சிறிதாக்கினார். நடுவில் வைத்தார். அதற்குமேல் என்ன நடந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரை சட்டென்று மாறுவதை அவர் கவனித்தார். எத்தனையோ அலுவலகங்களில் வேலை பார்த்தவர் அவர். திருட்டுத்தனமாகச் சீட்டாடிக்கொண்டிருந்து, ஆள் வந்ததும் வேலையைத் திறந்துவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்து, ஆள் வந்ததும் கையேட்டைத் திறக்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறார்.

“கையேட்டுல ஒரு சந்தேகம்க்கா,” என்றார் நம்மவர் புதன்கிழமை. “இப்ப, ஓநாய்னு ஒண்ணு இருந்திருந்தா, அது கதவுக்கு அந்தப் பக்கம் நின்னா மூச்சு சத்தம் கேக்குமா?”

“ஓநாய்தான் இல்லையே தம்பி.”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

அக்கா தன் இடத்துக்குத் திரும்பிப் போய்க் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும், தாழ்ப்பாள் விஷயத்தில் பலித்தது ஓநாய் விஷயத்திலும் பலிக்க வேண்டுமே. வியாழக்கிழமை கையேடு எங்கே என்று கேட்டார். நம்மவர் நீட்டினார். தலைப்பும், கீழே ஒன்றரை வரியும் இருந்தன. அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. நம்மவர் கழுத்தைச் சொறிந்தார்.

“கூடவே...” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அக்கா அப்படி ஏங்கிக் காத்திருந்த நாள் வேறு இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தார். கைப்பையை மடியைவிட்டு இறக்காமல் உட்கார்ந்தார். விறகு வெட்டினார், தீ மூட்டினார், குடிசைக்குள் போனார். காகத்தைப் பார்த்தார். ஒரு ஆட்டம் ஆடினார். அதில் தோற்றார். அடுத்த ஆட்டத்தில், “இப்ப அதுவா நகர்த்துச்சு?” என்று கேட்டார். காகம் எங்கோ பார்த்தது. பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அக்கா படம் வரைகிற பெண்ணைப் பார்த்தார். இவரும் வெளியே வரப் போவதில்லையா?

அப்போது கதவை யாரோ பிராண்டுகிற சத்தம் கேட்டது. மெல்ல, ரொம்ப மரியாதையாக.

“யாரது?” என்றார் அந்த அம்மா. பிறகு, “இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அந்த ஆட்டம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிராண்டல் கொஞ்சம் கனத்தது. மூச்சு கேட்டது. முதலில் கதவுக்கு அடியில் கேட்ட மூச்சு, பிறகு தாழ்ப்பாள் உயரத்தில் கேட்டது, பிறகு நிலைக்கு மேலே. காகம் காய்களை அப்படியே போட்டுவிட்டுப் பறந்து உத்தரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மா கைப்பையைத் திரும்ப எடுத்து மடியில் அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஓநாய் பாயவில்லை. உறுமவும் இல்லை. கூரைக்கு மேலே காதுகள் தெரிய, பனியில் உட்கார்ந்து அவரையே பார்த்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும் என்று தெரிந்தது.

கீழே கடையில் ஏதோ மூடி உருண்டு அடங்கியது.

“முதல்லயே திறந்திருந்தா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“குட்டிதான் மேடம்,” என்றார் நம்மவர், கையேடு எழுதாத குற்ற உணர்ச்சியோடு. “இத்தனூண்டு. குச்சிய ஓங்கினா ஓடிடும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு சுத்து வளரும். வேற ஒண்ணும் இல்ல.”

அந்த அம்மா தான் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, ஒரு அவசரமான பேச்சு இருக்கிறது, வெகுநாளாகத் தள்ளிப்போட்டது என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போனார். யாரிடம் என்ன பேசினாரோ, திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. சரி, இதை நாங்கள் வெளியிடுகிறோம் என்றார். ஓநாயைத் தொடவே கூடாது, காகத்தையும் தொடக்கூடாது என்றார். படியிறங்கும்போது, கையேடு ஒன்று மட்டும் மாத முடிவுக்குள் வேண்டும் என்றும் சொன்னார்.

அக்கா நம்மவரைப் பார்த்தார். நம்மவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்களுக்கு ஏதோ குறை இருப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டது. கையேட்டைவிட அலுப்பான வேலை இந்த உலகத்தில் எது என்று அக்கா அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இப்படி ஒரு மனிதர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார், பக்கத்து வீட்டில் இருக்கிறார், உங்கள் மச்சானே இப்படித்தான். எல்லாம் சரி. ஒன்று மட்டும் கேட்கலாமா? இன்றைக்குச் செய்தே தீர வேண்டும் என்று ஏதோ ஒரு வேலைக்காகத்தானே எழுந்தீர்கள்? போகிற போக்கில் இது கண்ணில் பட்டது. இரண்டு பத்திதானே என்று நின்றீர்கள். அப்புறம் உட்கார்ந்தும் விட்டீர்கள்.

பரவாயில்லை, பதற வேண்டாம். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பிராண்டல் இன்னும் கதவுக்கு அடியில்தான் கேட்கிறது என்றால், இப்போதே போய்த் திறந்துவிடுங்கள். குட்டிதான்.