புளி போட்டுத் தேய்த்த ரம்பம்

சிலர் கோபம் வந்தால் தட்டை விட்டெறிவார்கள். சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். நான் சாமான் வாங்குவேன். அப்படிக் கோபத்தில் வாங்கியதில் உருப்படியான சாமான் ஒன்றே ஒன்றுதான். அதையும் நானே கெடுத்து, ஊர் முன்னால் அசிங்கப்பட்டேன்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு நாள் காற்றும் மழையும் அடித்து, ஏரி மதகுக்குக் கீழே நின்ற இலுப்பை மரம் வேரோடு சாய்ந்து வாய்க்காலின் குறுக்கே விழுந்தது. வேரோடு பெயர்ந்த மண்ணும் மரமும் சேர்ந்து வாய்க்காலை அடைத்துவிட்டன. அதோடு மழையும் போய்விட்டது. ஏரியில் தண்ணீர் இருந்தது, வயலுக்கு வர வழியில்லை. ஒன்பது வீட்டு நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுடையது மேட்டில் இருந்தது. அதுதான் முதலில் சாகும்.

பெரிய மரம் அறுக்கிற வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் முத்துக்கருப்பன். என்னோடு ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவன். அவனும் அவன் தம்பியும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கிற நீள ரம்பம் வைத்திருந்தார்கள். போய்க் கூப்பிட்டேன்.

"குரும்பலூர்ல வூடு கட்டுற வேல ஒத்துக்கிட்டேன்டா. பத்து நாளாவும்" என்றான்.

"பத்து நாள்ல நாத்து வைக்கோலாயிடும்டா!"

"அதுக்கு நான் என்ன பண்ண? மரத்த நானா தள்ளிவுட்டேன்?"

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவனைக் கண்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். "நீ ரம்பம் இழுக்கறது கெழவி தல வாரற மாதிரிடா. உன் தயவே வேணாம். இன்னையிலேர்ந்து நாலாம் நாள் நான் தண்ணி வுடறேன் பாரு!" என்று ஒன்பது வீட்டுக்காரர்களும் நிற்கும்போது கத்திவிட்டு வந்தேன். எப்படி விடுவேன் என்று தெரியாது. (கத்தும்போது அதையெல்லாம் எவன் யோசிக்கிறான்?)

திருச்சியில் பட்டாளத்தின் மிச்ச சாமான்களை விற்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மறுநாளே ரயிலேறினேன். கூடாரம், பூட்ஸ், வாளி இவற்றின் நடுவே அது கிடந்தது. பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம். ஒரு முனையில் எஞ்சின். மறுமுனையில் இன்னொரு ஆள் பிடிக்க ஒரு கைப்பிடி. நடுவே நீள இரும்புப் பட்டை, அதைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. விற்றவர் ஒரு கட்டையை அறுத்துக் காட்டினார். நான் திறந்த வாயை மூடுவதற்குள் கட்டை இரண்டாகிவிட்டது. எண்ணெய் கலந்த பெட்ரோலும் ஒரு டின் கொடுத்தார். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். அந்த டின் தீர்ந்தால் அவ்வளவுதான்.

அரியலூர் ஸ்டேஷனில் இறக்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்தேன். என் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"என்னடா நாத்தம் இது? என்ன கொழுப்பத் தடவி வெச்சிருக்கானுவளோ! இத அப்புடியே பூசையில வெக்கப் போறியா?"

பூசை போடாமல் புது அரிவாள்மனையில் ஒரு வெங்காயம்கூட நறுக்காத வீடு எங்களுடையது. அதனால் சங்கிலியைக் கழற்றினேன். என் மனைவி செல்லம்மாள் பித்தளைக் குடம் தேய்ப்பது போலவே, கிணற்றடியில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். செல்லம்மாளின் தம்பி கோவிந்தன் பக்தியாகக் கும்பிட்டுவிட்டுக் கேட்டான்: "மாமா, இதுக்கு அந்த முனைய யாரு புடிக்கிறது?"

"நீதான்" என்றேன். மறுபடியும் கும்பிட்டான்.

நாலாம் நாள் காலையில் ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. முத்துக்கருப்பன்கூட வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, குரும்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து கரைமேல் குந்தியிருந்தான். வேடிக்கை பார்க்க அவ்வளவு ஆசை!

எஞ்சினின் கயிற்றை இழுத்தேன். இருபது தரம் இழுத்தும் தும்மல்தான் வந்தது. இருபத்தொன்றாவது இழுப்பில் அது போட்ட சத்தத்தில் வரப்பில் மேய்ந்த மாடுகள் பக்கத்து ஊருக்கே போய்விட்டன. (சாயங்காலம் தேடிப் பிடித்து வந்தோம்.) கோவிந்தனும் மாடுகளோடு போகப் பார்த்தான்.

"ஓடுன, உங்கக்கா வூட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூடாது!" என்று கத்தினேன். நின்றான்.

மரத்தில் வைத்தோம். புகை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அழுத்தினேன். பட்டை உரிந்தது, மரம் கருகியது, வழவழப்பானது. ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"மாட்டுக்குச் சூடு போடற மாதிரி மரத்துக்கும் போடறியாப்பா?" என்றார் ஒருவர்.

"அட, பாலிசு போடறாருய்யா. நாற்காலி செஞ்சு ஒக்காரப் போறாரு" என்றார் இன்னொருவர்.

எஞ்சினைத் திட்டினேன். விற்றவரைத் திட்டினேன். கோவிந்தனைத் திட்டினேன். செத்த இலுப்பை மரத்தையும் திட்டினேன். உச்சி வெயில் வந்தபோது டின்னில் கால்வாசிதான் மிச்சம். கரைமேல் சிரிப்பு நின்றுவிட்டது. "நாத்து நுனி மஞ்சளாயிட்டுது. வேற ஊர்ல நாத்து கெடைக்குமான்னு பாப்போம், வாங்க" என்று ஒருவர் துண்டை உதறி எழுந்தார். சிரித்தால் பதிலுக்குத் திட்டலாம். இதற்கு என்ன செய்வது? எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

முத்துக்கருப்பன் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன்.

"காலையிலேர்ந்து எதையோ பாத்து இளிக்கிற. என்னன்னு சொல்லித் தொலைடா!"

"கேக்கறியா, திட்டறியா?"

ஒன்பது வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். "கேக்கறேன்" என்றேன். அந்த ஒரு சொல் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"மாடு வாங்கறவன் மொதல்ல எதப் பாப்பான்? பல்ல. ரம்பக்காரனும் அதத்தான் பாப்பான். உன் சங்கிலி முன்னால ஓடுது, பல்லு பின்னால பாக்குது. மாத்தி மாட்டியிருக்க. முதுகால தேச்சா எப்புடிடா அறுக்கும்?"

போய்ப் பார்த்தேன். நான் புளி போட்டுத் தேய்த்த பல் ஒவ்வொன்றும் பளபளவென்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"காலையிலயே சொன்னா என்னடா?"

"கெழவி தல வாரறவன் சொன்னா நீ கேப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். சங்கிலியைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். மறுமுனையைத் தான்தான் பிடிப்பேன் என்றான். கோவிந்தன் அவன் காலில் விழாத குறை.

இந்தத் தடவை மரத்தூள் பொரி மாதிரி பறந்தது. வாழைத்தண்டு நறுக்குவது போல் ரம்பம் இறங்கியது. ஒரு வெட்டு முடிந்து, நாலு முழம் தள்ளி இன்னொரு வெட்டு. அது முடியவும் பெட்ரோல் தீரவும் சரியாக இருந்தது. ரம்பத்தைக் கரையேற்றினோம். ஒன்பது வீட்டுக்காரர்களும் கடப்பாறையும் கயிறுமாக இறங்கி, வெட்டிய துண்டைப் புரட்டினார்கள். அடைபட்டிருந்த தண்ணீர் மண்ணைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. வாய்க்கால் நடுவில் நின்று அதட்டிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது.

எப்படியோ எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். "நாலாம் நாள் தண்ணி வுட்டேனா இல்லியா!"

"வுட்டடா, வுட்ட. மொதல்ல வேட்டியத் தேடு" என்றான் முத்துக்கருப்பன்.

வேட்டி கிடைக்கவில்லை. நாற்று பிழைத்தது, ஒன்பது வீட்டு நாற்றும். அதன்பிறகு பெட்ரோல் கிடைத்தபோதெல்லாம் நானும் அவனும் அந்த ரம்பத்தோடு பெரம்பலூர் வரை போய் மரம் அறுத்தோம். ஒரு தடவைகூட அவன் என்னைச் சங்கிலி மாட்ட விட்டதில்லை.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எந்தப் புதுச் சாமான் வந்தாலும், "புளி போட்டுத் தேச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ரேடியோ வந்தபோது கேட்டார்கள். தையல் மிஷின் வந்தபோதும் கேட்டார்கள்.

போன மாதம் என் மகன் டிராக்டர் வாங்கினான். சேற்று உழவுக்குத் தோதாக இருக்கட்டும் என்று பின்சக்கரம் இரண்டையும் தானே கழற்றி மாட்டினான். "தேச்சாச்சாடா?" என்றாள் செல்லம்மாள். அவன் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எழுந்து போய் டயரைப் பார்த்தேன். வலது சக்கரம் இடது பக்கம், இடது சக்கரம் வலது பக்கம். தடித்தடியாக இருந்த டயர்ப் பல் அத்தனையும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் டிராக்டர் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றியது. முழங்கால் சேற்றோடு மகன் வந்து என் முன்னால் நின்றான்.

"கேக்கறியா, சிரிக்கறியா?" என்றேன்.