நாற்பத்தோராம் எண்ணின் ஒளிவட்டம்

“இல்லக்கா, நானே காதால கேட்டேன். என் பையன் தலையைச் சுத்திக் கத்தரிப்பூக் கலர்ல ஒளி ஓடுதாம். நகத்தைக் கடிக்கிறானே, அந்தப் பயத்தோட கலராம் அது. அவன் நகம் கடிக்கிறது அவருக்கு எப்படிக்கா தெரியும்?”

இதைச் சொல்லும்போது தையல்கடை அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எதிரில் நின்றவர் பள்ளி அலுவலகத்தின் எழுத்தர். ஆசிரியர், பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ‘ஆபீஸ் அக்கா’. அருமையான கேள்வி ஒன்று காதில் வந்து விழுந்தும் அக்கா அதைக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்? பெற்றோர் வரிசை கேட்டைத் தாண்டிச் சாலை வரை போயிருந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறிப்பது அவர் வேலை.

மாணவர் மனநலத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ‘ஏதாவது’ என்பது ஆபத்தான சொல். அதைப் பிடித்துக்கொண்டுதான் தலைமையாசிரியை இந்த மனுஷரைக் கூட்டிவந்தார். பட்டம் ‘ஒளிவட்ட வித்தகர்’. பிள்ளைகள் அரை மணி நேரத்தில் அதை ‘டியூப்லைட்’ என்று சுருக்கிவிட்டார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு விவரம் அதிகம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

டியூப்லைட்டின் முறை இதுதான். கூடத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திரை. திரைக்கு அந்தப்பக்கம் நாற்காலியில் பிள்ளை. முகத்தைப் பார்த்தால் ஒளி கலைந்துவிடுமாம். இந்தப்பக்கம் இவர், வெல்டிங் பட்டறையில் போடுகிற மாதிரி ஊதாக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. காதில் ஒரு சின்னக் கருவி, பிரபஞ்சத்தின் ஓசையைக் கேட்க. மூலையில் ஓர் உதவியாளர், கையில் டேப்லெட், சட்டைக் காலரில் குட்டி மைக். பிரபஞ்சம் அந்த மைக் வழியாகத்தான் பேசுகிறதோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உதவியாளர் வகுப்பையும் வரிசை எண்ணையும் உரக்கச் சொல்வார். பத்து விநாடி மௌனம். அப்புறம் டியூப்லைட் எரியும்.

எரிந்தால் எல்லாம் வந்து கொட்டும். யார் தூக்கத்தில் அலறுகிறார்கள், யாருக்குக் கணக்கென்றால் காய்ச்சல், எந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசுவதில்லை. பெற்றோர் வாயடைத்துப் போவார்கள். வாய் திறக்கும்போது ‘மனக்கவசம்’ என்ற கைவளையத்தைக் கையோடு வாங்கிவிடுவார்கள். அதன் விலையைச் சொல்லி உங்கள் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதாக இல்லை.

எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு. பதினாறாம் எண் தையல்கடை அம்மாவின் மகன், அவன் கதைதான் மேலே கேட்டீர்களே. அடுத்து பதினேழு, எலக்ட்ரீஷியனின் ஒரே பிள்ளை. “புதுசாப் பிறந்த தங்கச்சியால உன்னை யாரும் கவனிக்கறதில்லைன்னு ஏங்குற” என்றார் டியூப்லைட். எலக்ட்ரீஷியன் விழித்தார். வீட்டில் தங்கச்சியே கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பி, “அப்போ இனிமேதான் பொறக்கப்போகுது போல” என்றார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் எந்த ஒளிவட்டமும் கருகிப் போயிருக்கும்.

பதினெட்டு, ஆபீஸ் அக்காவின் மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் ‘வாலு’. நான்கு மாதமாக அந்த வாலைக் காணோம். காலையானால் வயிற்றுவலி, பள்ளி வாசலில் அழுகை, வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை மட்டும் பள்ளிக்கு வருகிற ஆலோசகர் ஒருவர் உண்டு, பிள்ளைகளுக்கு ‘வியாழக்கிழமை மிஸ்’. விளையாட்டுச் சாமான் அறையில், பந்துகளுக்கு நடுவே, அவருக்கு இரண்டு நாற்காலி. மூன்று வாரமாக வாலு அங்கே போகிறாள். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. மூன்றாம் வாரம் நாலு வாக்கியம் பேசினாளாம். அக்காவுக்கு அந்த நாலு வாக்கியம்தான் மூச்சு.

“இந்தப் பிள்ளைக்கு நாயைக் கண்டா உயிர் போற பயம்” என்றார் டியூப்லைட். “ஒளி கருகருன்னு இருக்கு.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் உள்ள அத்தனை நாய்க்கும் பெயர் வைத்து, தன் பங்கு பிஸ்கட்டைப் பிய்த்துப் போடுகிறவள் வாலு. சரி, பெரியவர் ஏதோ தடுமாறிவிட்டார் என்று அக்கா மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் பத்தொன்பதாம் எண் வந்துவிட்டது. கொழுகொழு பையன், கவலை என்றால் என்ன விலை என்று கேட்பான்.

“காலையில மணி அடிச்சா, வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியுற மாதிரி இருக்கு இவனுக்கு” என்றார் டியூப்லைட்.

அக்காவின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. ஈரத்துணி என்று சொன்னவள் வாலு. படுக்கையில் சுருண்டுகொண்டு அம்மாவிடம் சொன்னாள். அதை அப்படியே படிவத்தில் எழுதியவர் அக்கா. உலகத்தில் அந்த வாக்கியம் அந்த ஒரு தாளில்தான் இருந்தது.

படிவமா? ஆமாம். இரண்டு வாரம் முன்னால் ‘மாணவர் நலப் படிவம்’ என்று ஒன்று எல்லா வீட்டுக்கும் போனது. உங்கள் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று எழுதச் சொன்னார்கள். பெற்றோர் மனசைக் கொட்டி எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், அத்தோடு சுத்தமாக மறந்துபோனார்கள். நானூற்றுச் சொச்சம் படிவத்தையும் கணினியில் ஏற்றியவர் அக்கா. நிகழ்ச்சிக்கு முன்னேற்பாடு என்று உதவியாளர் கேட்க, தலைமையாசிரியை சொல்ல, அந்தப் பட்டியலை அனுப்பிவைத்தவரும் அக்காவேதான். நாற்காலி எண்ணத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தார். பதினாறாம் எண்ணுக்கு நேரே நகக்கடி. தையல்கடை அம்மா நீளமாக எழுதியதால் மீதி, அதாவது தங்கச்சிக் கதை, ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அதிலிருந்து வகுப்பு முழுக்கக் கஷ்டங்கள் ஒரு படி சறுக்கியிருந்தன. எலக்ட்ரீஷியன் மகனின் நாய்ப்பயம் வாலுவுக்கு. வாலுவின் ஈரத்துணி கொழுகொழுவுக்கு. தூக்கக் கலக்கத்தில் அக்கா செய்த தட்டச்சுத் தப்பு, பிள்ளைகளின் தலைக்கு மேல் வண்ண வண்ணமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உன் டைப்பிங் தப்பா இருக்கலாம்மா. அவர் பார்வை எப்படித் தப்பாகும்?” என்றார். கூடவே இரண்டு முடிவையும் அறிவித்தார். கறுப்பு ஒளி உள்ள பிள்ளைகள் வெளுக்கும்வரை கடைசி வரிசையில் தனியாக உட்காரட்டும். அடுத்த மாதத்திலிருந்து சாமான் அறை வித்தகரின் ‘ஒளி அறை’. வியாழக்கிழமை மிஸ் இனி வரவேண்டாம்.

மகள் பேசத் தொடங்கிய நாலு வாக்கியம் அந்த அறையோடு போய்விடும். அழுதுகொண்டே அறிவியல் ஆய்வுக்கூடத்துப் பக்கம் போனவரை, அங்கே கண்ணாடிக் குடுவை துடைத்துக்கொண்டிருந்த ‘லேப் அண்ணன்’ உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். முழுக்கதையும் கேட்டார். பிறகு திரும்பி, மூலையில் நின்றிருந்த ஓர் உருவத்தை நிதானமாகப் பார்த்தார்.

“அக்கா, நாளைக்கு ஒன்பதாம் வகுப்பு ‘சி’ தானே? அதுல எத்தனை பேர்?”

“நாப்பது.”

“நாப்பத்தொண்ணா ஆக்குங்க.”

அக்கா அன்று மாலையே ‘திருத்திய பட்டியல்’ ஒன்றை அனுப்பினார். உதவியாளரிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் நிறைவு விழா. கூடத்தில் ஊசி விழ இடமில்லை. ஜன்னல் கம்பியிலெல்லாம் பெற்றோர். நாற்பது பிள்ளைகள் முடிந்ததும் உதவியாளர் குரல் கொடுத்தார், “ஒன்பது சி, நாற்பத்தொண்ணு.” வகுப்பாசிரியை திடுக்கிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். திரைக்குப் பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. தொப்பி போட்ட ஒரு நிழல் வந்து நின்றது.

பத்து விநாடி மௌனம்.

“பாவம் இந்தப் பிள்ளை” என்று டியூப்லைட் பெருமூச்சு விட்டார். “மூணு மாசமா ஒரு வாய் சாப்பிடல. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்ல. ராத்திரி கண்ணே மூடறதில்ல.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் ஒரு மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பட்டியலில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் கைதட்டல் ருசி கண்ட வாய் அத்தோடு நிற்குமா?

“உடம்புல சதை இருக்கு. எலும்புலதான் பலம் இல்ல” என்று சொந்தச் சரக்கைச் சேர்த்தார். “கவசம் போட்டா ஒரே வாரத்துல கன்னம் உப்பிடும்.”

அக்கா எழுந்து நின்றார். “ஐயா, இன்னொரு தரம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உயிர் ஒளி தெரியுதா?”

“ஜெகஜோதியா எரியுதும்மா. தொண்ணூறு வயசு வாழும்.”

லேப் அண்ணன் திரையை இழுத்தார்.

பள்ளிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஆய்வுக்கூடத்து எலும்புக்கூடு முப்பத்திரண்டு பல்லையும் காட்டியது. எங்கேயோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரிக்க, நானூறு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

டியூப்லைட் சளைக்கிற ஆளா? கண்ணாடியைக் கழற்றாமலே, இது எப்போதோ வாழ்ந்த ஒரு பிள்ளையின் எலும்பு, அந்த ஆன்மாவின் ஒளிதான் தனக்குத் தெரிந்தது என்று ஆரம்பித்தார்.

“பிளாஸ்டிக்குங்க” என்றார் லேப் அண்ணன். “பதினோரு வருஷம் முன்னாடி பெட்டியைப் பிரிச்சு மாட்டினது நான்தான். முட்டில கம்பெனி முத்திரைகூட இருக்கு.”

உதவியாளர் இருந்த மூலை அதற்குள் காலியாகிவிட்டது. கவசப் பெட்டியையும் காணோம். டியூப்லைட் தடுமாறிப் பக்கவாட்டுக் கதவைத் தேடினார், ஊதாக் கண்ணாடியில் கதவு சரியாகத் தெரியாமல் இரண்டு தரம் சுவரில் முட்டினார். எலக்ட்ரீஷியன்தான் கையைப் பிடித்து வெளியே விட்டார், கொஞ்சம் அழுத்தமாகவே.

அக்கா படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார். “இது உங்க கையெழுத்துதானே? நீங்க எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் உங்களுக்கே படிச்சுக் காமிச்சார். அனுப்பினது நான். பிள்ளைங்க ரகசியத்தை யோசிக்காம அனுப்பினேன், அது என் தப்பு, மன்னிச்சிடுங்க.” படிவக் கட்டை இன்னும் உயர்த்திப் பிடித்தார். “ஆனா ஒண்ணு. இதுல இருக்கிற கஷ்டம் எதுவும் பொய் இல்ல. நானூறு பேர் எழுதியிருக்கீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தர்கூட இதைப் படிக்கல. டைப் அடிச்ச நானும் படிக்கல. படிச்சவன் அந்தத் திருடன் ஒருத்தன்தான்.”

இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை தரையைப் பார்த்தபடி நின்றார். ஆனால் நல்ல மனுஷி. அன்றே படிவக் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒன்று விடாமல் படித்தார். அந்த மாதத்திலிருந்து மிஸ் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். பந்துகளெல்லாம் படிக்கட்டுக்கு அடியில் போய்விட்டன.

வாலு அவரிடம் ஒருநாள் முழுதாகச் சொல்லிவிட்டாள். காலை மணி அடித்ததும் அவர்கள் வகுப்பில் மதிப்பெண் வரிசைப்படி நிற்கவேண்டும், முதல் மதிப்பெண் முன்னால், கடைசி மதிப்பெண் கதவோரம். நான்கு மாதமாகக் கதவோரம் நின்றவள் அவள். மிஸ் தலைமையாசிரியையிடம் பேசினார், அடுத்த திங்கட்கிழமை அந்த வரிசை ஒழிந்தது. வயிற்றுவலி அன்றைக்கே பறந்துவிடவில்லை, அது என்ன மந்திரமா? மெள்ள மெள்ளக் குறைகிறது. நேற்று வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று புகார் வந்தது. அக்கா அந்தப் புகாரை இரண்டு தரம் படித்துச் சந்தோஷப்பட்டார்.

போன வாரம் இன்னொருவரிடமிருந்து கடிதம். செருப்புத் தேய்மானத்தை வைத்துப் பிள்ளைகளின் மனதைப் படிப்பாராம். தாராளமாக வரலாம், முன்கூட்டிப் பட்டியல் மட்டும் தரமாட்டோம் என்று அக்கா பதில் போட்டார். அந்த மேதை இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. வேறு பள்ளி பார்த்திருப்பார். உங்கள் பிள்ளையின் பள்ளியாகக்கூட இருக்கலாம்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையின் கஷ்டத்தை முன்பின் தெரியாத ஒருவர் வாயால் கேட்க வரிசையில் நிற்கிற நாம், அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் என்ன? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?