ஒலியில்லா வரவேற்புத் திட்டம்

அலுவலகக் கட்டடத்தைத் திறந்துவைப்பவரின் பெயரைக் கல்லில் பொறிக்கிறார்கள். அதன் கதவை நாள்தோறும் திறந்துவிடும் பெண்ணின் பெயரை எவரும் கேட்பதில்லை. நலத்துறை அலுவலகத்தில் அவளைக் கதவம்மா என்றே அழைத்தார்கள். தற்காலிகப் பணி. அவள் சேர்ந்தபோது கைக்குழந்தையாயிருந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

ஒருவழியாக அவளை நிரந்தரமாக்க நேர்முகத் தேர்வு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவள் அவள் ஒருத்தியே. அதே வாரத்தில் வாசலுக்கு வீடியோ அழைப்புமணியும் வந்து சேர்ந்தது. பக்கத்து அலுவலகத்தில் ஒன்று இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தேவை இருக்கவில்லை.

பொருத்த வந்த எலக்ட்ரீஷியன், உள்ளே ஒலிக்கவேண்டிய மணிப்பெட்டி எங்கே என்று கேட்டார். வாங்கவில்லை என்றார்கள். அப்படியானால் மணிக்கு மின்சாரம் தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராகக் கேமராவுக்கு வயர் இழுத்துவிடலாம், படம் தெரியும், ஆனால் உள்ளே ஒருவர் காதிலும் விழாது, யாராவது ஒருவருடைய கைபேசிக்குத்தான் தகவல் போகும் என்று விளக்கினார்.

“என் ஃபோனுக்கே வரட்டும். மணியெல்லாம் அந்தக் காலம்ப்பா,” என்றார் இயக்குநர்.

“நீங்க ஃபோனை அணைச்சு வெச்சா?”

“நான் எதுக்கு அணைக்கப்போறேன்?”

இவ்வாறாக ‘ஒலியில்லா வரவேற்புத் திட்டம்’ நடைமுறைக்கு வந்தது. கதவு இனித் தானே பூட்டிக்கொள்ளும்; வெளியிலிருந்து திறக்கும் சாவி அதிகாரிகளிடம் மட்டுமே. அதைத் தட்டுவது தண்டனைக்குரியது என்ற அறிவிப்பைக் கதவம்மாவே கண்ணாடியில் ஒட்டினாள்.

தேர்வு நாளன்று இஸ்திரி போட்ட சேலையில் நேரத்தோடு வந்து பொத்தானை அழுத்தினாள். நீல விளக்கு அழகாக எரிந்தது. மாடியில் தேர்வுக்குழு அமர்ந்திருந்தது. தேர்வின் மாண்பு கருதி அனைவரும் கைபேசிகளை அணைக்குமாறு பணித்த இயக்குநர், முன்மாதிரியாகத் தம்முடையதை முதலில் அணைத்தார்.

வெகுநேரம் யாரும் வரவில்லை.

“கீழே யாராவது வந்திருக்காங்களான்னு கதவம்மாவைப் பார்க்கச் சொல்லுங்க,” என்றார் இயக்குநர்.

“அவங்களே இன்னும் வரலை சார்,” என்றார் எழுத்தர்.

“பாத்தீங்களா? நிரந்தரம் ஆகறதுக்கு முன்னாடியே இவ்வளவு அலட்சியம்.”

விண்ணப்பதாரர் வரவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டுக் குழு தேநீர் அருந்தியது. எழுத்தர் கீழே போய்க் கதவைத் திறந்தபோது அவள் விரல் இன்னமும் பொத்தானில் இருந்தது.

காலையிலிருந்து வாசலில்தான் நின்றேன் என்று அவள் மேலே வந்து சொன்னாள். இயக்குநர் கைபேசியை உயிர்ப்பித்தார். அவள் வந்தது, அழுத்தியது, கால் மாற்றி நின்றது, தலைப்பால் முகம் துடைத்தது, யாவும் பதிவாகியிருந்தன. படத்தின் துல்லியத்தைக் குழுவினர் வெகுவாகப் பாராட்டினர்.

“அப்போ நான் வந்தேன்னு எழுதுங்க சார்.”

“எப்படிம்மா எழுதறது? நீ வெளியேதான் இருந்தேங்கறதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா?”

“எதனால வெளியே இருந்தேன்?”

“அதைக் கேட்கறது குழுவோட அதிகார வரம்புக்குள்ள வராது.”

திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாகத் துறை அந்தப் படத்தையே வெளியிட்டது. நாம் பார்த்தோம், வியந்தோம், ஆளுக்கொன்று வாங்கி வாசலில் மாட்டினோம். தானே பூட்டிக்கொள்ளும் கதவுக்கு ஆள் எதற்கு என்று அந்தப் பணியிடம் நீக்கப்பட்டது. மகளின் படிப்பு நின்றது. கதவம்மா இப்போது நம் வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். ஒவ்வொரு காலையும் நம் வாசலில் பொத்தானை அழுத்திவிட்டு, வெளியே நிற்கிறாள்.