சம்மந்திகளின் இசை விருந்து

"அப்பா, மூணு பெட்டி இருக்கு. பிகினர், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு. எதுல டிக் பண்றது?"

கவிப்ரியா கைபேசியில் வாத்தியப் பயிற்சிப் படிவத்தை நிரப்பியபடி தலையைத் தூக்காமல் கேட்டாள். பக்கத்தில் வருங்கால மாப்பிள்ளை தர்மிகன். எதிர்ச் சுவரில் பேஞ்சோ என்ற கம்பி வாத்தியம். இருபத்தேழு வருடமாக அது அதே ஆணியில்தான் தொங்குகிறது. வட்ட முகமும் நீண்ட கழுத்துமாக வரவேற்பறைக்கு எடுப்பாக இருக்கும் என்று அப்பா சின்னத்தம்பி பழைய பொருள் கடையில் வாங்கி மாட்டியது. தூசி தட்டும்போது மட்டும் லேசாக முனகும்.

முதல் பெட்டியே அவருக்கு அதிகம். ஆனால் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? அட்வான்ஸ்டு போடு" என்றார்.

கவிப்ரியா ஏழு வயதில், "இதை ஏம்ப்பா வாசிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். வாங்கியதே அழகுக்குத்தான் என்று சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். சின்னத்தம்பியோ, "நல்லா வாசிச்சிட்டுத்தாம்மா இருந்தேன். நீ கைக்குழந்தையா இருந்தப்ப சத்தம் கேட்டா அழுவே. அதான் விட்டுட்டேன்" என்றார். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எந்த அப்பனுக்கு மனசு வரும்?

போன வருடம் நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பொய் இன்னொரு படி ஏறியது. மாப்பிள்ளையின் அப்பா நடராசா யாழ்ப்பாண வழி வந்தவர், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "நான் நாப்பது வருசமா வயலின் வாசிக்கிறன்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். மின்தூக்கி பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளரான சின்னத்தம்பிக்கு, பெண் வீடு சட்டென்று இரண்டு மாடி கீழே இறங்கியது போலிருந்தது. சுவரைக் காட்டி, "நமக்கும் அந்தப் பழக்கம் உண்டுங்க" என்றார்.

"அப்ப கலியாண வரவேற்பிலை ரெண்டு பேரும் சேந்து வாசிப்பம்" என்றார் நடராசா.

"வாசிச்சுட்டாப் போச்சு" என்றார் இவர்.

பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் சொல்வதெல்லாம் கை கழுவும்போதே போய்விடும் என்று நினைத்தார். பிள்ளைகள் அதை அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். ‘சம்மந்திகளின் இசை விருந்து’. தங்க எழுத்து. சொந்தபந்தம், அலுவலகம், அண்டை அயல் என்று எல்லோர் கைக்கும் அழைப்பிதழ் போய்ச் சேர்ந்தாயிற்று. வரவேற்புக்கு இன்னும் மூன்று வாரம்.

"எனக்காக விட்டீங்க இல்ல? எனக்காகவே மறுபடி எடுங்க. கிராஞ்சி பண்ணையில த்ரீ டேஸ் பேஞ்சோ கேம்ப். பேர் கொடுத்துட்டேன்" என்றாள் கவிப்ரியா.

மனைவி பூவம்மாவுக்கு உண்மை தெரியும். அடுப்படிக்குப் போய் அழாத குறையாக நின்றவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க அடிச்ச ஆணி. நீங்களே பிடுங்குங்க."

நடராசாதான் தொலைபேசியில் கொஞ்சம் அக்கறை காட்டினார். "கிராஞ்சியோ? ஏன் சம்மந்தி அவ்வளவு தூரம்? பஸ்ஸும் சரியா வராது. பருப்பிலை உப்பு வேற கூடவாம். பேசாம வீட்டிலை இருங்கோவன்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று சின்னத்தம்பி உருகிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை பண்ணைக் கூடத்தில் அட்வான்ஸ்டு வகுப்பு. இவரோடு சேர்த்து ஆறு பேர். ஆசிரியை மிஸ் லிம், கண்ணாடி போட்ட, சிரித்த முகம். மற்ற ஐந்து பேரும் விரல் நுனிகளில் கம்பி மீட்டும் தகர நகங்களை மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் கோ என்ற முன்னாள் டாக்சி ஓட்டுநர் சும்மா சரிபார்க்கிறேன் என்று ஒரு இழுப்பு இழுத்தார். தகரக் கொட்டகையில் மழை கொட்டியது போலிருந்தது. அடுத்து உங்கள் முறை என்பது போல் எல்லோரும் சின்னத்தம்பியைப் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று எழுந்தவர், சமையற்கட்டில் போய் நின்றார்.

பண்ணையின் சமையற்காரர் ரஃபீக்தான் முதலுதவிப் பெட்டிக்கும் பொறுப்பு.

"தம்பி, விரல்ல அடி பட்டுடுச்சு. ஒரு கட்டுப் போடணும்."

"வலிக்குதாண்ணே?"

"உயிர் போகுது."

"எந்த விரல்னு சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும்."

சின்னத்தம்பி இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். ரஃபீக் கட்டுச் சுருளை எடுத்தார். "மூணு நாள் கட்டா, ஒரு வாரக் கட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"பெருசாவே போடுங்க."

"இங்க மாசம் ஒரு வாத்தியம்ணே. எந்த வாத்தியம் வந்தாலும் நமக்கு ஒரு கட்டு நிச்சயம்" என்றபடி சுற்றினார். ஒரு விரல் முள்ளங்கி அளவுக்கு வந்தது.

கட்டைப் பார்த்து வகுப்பே உச்சுக்கொட்டியது. மிஸ் லிம் அவருக்கு மூலையில் நல்ல நாற்காலியாகப் போட்டு, கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றார். அப்பாடா என்று உட்கார்ந்தார் சின்னத்தம்பி.

கேட்டதுதான் வினையாகப் போயிற்று. கோ வாசித்தது அத்தனை சுகம். டேங்க் ரோடு கோயில் நவராத்திரிக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பது போல இவர் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, ஆகா ஆகா என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வாசிப்பு நின்றது. கண்ணைத் திறந்தால் கோ வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

தப்பா என்று கேட்டார் கோ.

ஐயையோ இல்லை என்று சின்னத்தம்பி பதறிப்போய்த் தலையை இன்னும் வேகமாக ஆட்டினார்.

கோ யோசித்தார். அதே இடத்தை மெதுவாக மறுபடி வாசித்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு, உண்மைதான், ஒரு சுரத்தை விழுங்கிவிட்டேன், நாலு வருடமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்றார். மிஸ் லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கே அது பிடிபடவில்லையாம்.

அதோடு அவர் நிம்மதி போயிற்று. பிறகு யார் வாசித்தாலும் ஒரு கண் இவர் தலைமேல்தான். ஆட்டினால் நிறுத்தித் திருத்தினார்கள். ஆட்டாமல் இருந்து பார்த்தார். ரசிக்கவில்லை என்று இன்னும் கஷ்டப்பட்டு வாசித்தார்கள். மதியம் பருப்பில் உப்புக் கரித்தது. சம்மந்தி சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து முகத்தைச் சுளித்தார். எதிரே உட்கார்ந்திருந்த கோ, காலையில் வாசித்ததில் இன்னும் ஏதோ பிழை என்று சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

சனிக்கிழமை தேநீர் இடைவேளையில், சின்னத்தம்பி பிகினர் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றார். ஒரு தாதியும் ஒரு வங்கிக்காரரும் ஒற்றைக் கம்பியை டொங் டொங் என்று தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தப்பாகத் தட்டினாலும் சிரித்தார்கள். அவருக்கு வயிறெரிந்தது. ஒரு டிக்கை மாற்றிப் போட்டிருந்தால் இந்நேரம் அவரும் ஒரு பாட்டாவது தட்டியிருப்பார். பெண்ணின் கல்யாணத்தில் அந்த ஒரு பாட்டை வாசிக்க வேண்டும் என்று இப்போது நிஜமாகவே ஆசை வந்திருந்தது.

நேரே மிஸ் லிம்மிடம் போனார். எனக்கு ஒன்றுமே தெரியாது, ஒரு பாட்டுக்கூட வராது என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பைக் கூட்டி, எவ்வளவு பெரிய கலைஞர், எவ்வளவு அடக்கம், நீங்களும் இப்படி இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். ஐந்து பேரும் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நிறைவு நிகழ்ச்சி. குடும்பங்கள் வந்தன. கவிப்ரியா, தர்மிகன், பூவம்மா, பின்னால் நடராசா. அவர் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தார்.

"பண்ணைத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றார்.

"அப்பா, கையில என்ன?" என்று கவிப்ரியா பதறினாள்.

"ஓவரா பிராக்டீஸ் பண்ணிட்டேன்மா." சின்னத்தம்பி குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார். "சம்மந்தி, மன்னிக்கணும். நம்ம கச்சேரி நடக்கும்னு தோணல."

"ஐயோ பாவம். அப்ப நிப்பாட்டிப் போடுவம்" என்றார் நடராசா. துக்கக் குரல்தான். ஆனால் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தது.

"எதுக்கு நிப்பாட்டணும் அங்கிள்? இன்னும் த்ரீ வீக்ஸ் இருக்கு லா. அதுக்குள்ள ஆறிடும்" என்றாள் கவிப்ரியா.

சம்மந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மேடையில் மிஸ் லிம் ஒலிவாங்கியைப் பிடித்தார். தலையசைவிலேயே பாடம் நடத்திய மேதை என்று சின்னத்தம்பியை மேலே அழைத்தார். கூடம் அதிர்ந்தது. கவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூவம்மாவும் துடைத்துக்கொண்டாள், அவளுக்கு அது சிரிப்பு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையான கலைஞருக்கு இரண்டு விரல் போதும், மிச்ச விரல்களால் நமக்காக ஒரே ஒரு பாட்டு என்று சொல்லி, கோவின் பேஞ்சோவை வாங்கி அவர் மடியில் வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

சின்னத்தம்பி பேஞ்சோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முதல் வரிசையில் மகள் ஏழு வயது முகத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைந்தோம் என்று நினைத்த நேரத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு தொப்பி தெரிந்தது.

"என்னைவிட என் சம்மந்தி பெரிய வித்வான். நாப்பது வருஷ வயலின். முதல்ல அவர் வாசிக்கட்டும்" என்றார்.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. மிஸ் லிம்முக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. போன மாத முகாமில் யாரோ விட்டுவிட்டுப் போன வயலின் அலமாரியிலேயே இருக்கிறது என்று ஓடிப்போய் எடுத்துவந்தார்.

சொன்ன பிறகுதான் சின்னத்தம்பிக்கு உறைத்தது. சம்மந்தி பிரமாதமாக வாசித்துவிட்டால், அடுத்து தன் கதி என்ன?

"அப்பா, போங்கோ" என்றான் தர்மிகன்.

நடராசா எழுந்தார். ஏனோ வயலினைப் பார்த்ததும் அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை மெனக்கெட்டு மடக்கினார். அடுத்த கணம், "ஐயோ, என்ரை கை" என்ற அலறல் கூடத்தின் கூரை வரை போய்த் திரும்பியது. நாற்காலி கீழே கிடந்தது. அவர் கையை உதறிக்கொண்டு மூச்சு வாங்கினார். முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிட்டது.

அலறலைக் கேட்டு சமையற்கட்டிலிருந்து ரஃபீக் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். குனிந்து முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பெட்டியைத் திறந்து, ஒரு வாரக் கட்டுச் சுருளை வெளியே எடுத்தார்.

"அட, நீங்களா சார்? போன மாசம் வயலின் கேம்ப்ல இடது கை சுண்டுவிரல். இந்தத் தடவை எந்த விரல்?"