சிவப்பு மையில் எழுத நேர்ந்ததற்கு மன்னிக்கவும்

சகாதா,
ஜனவரி 26, ஞாயிறு

என் மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய மியோகோ மதினிக்கு,

கூரை விளிம்பில் பனிக்கட்டி முழ நீளத்துக்குத் தொங்கும் இந்தக் கடுங்குளிரில், நீகாதாவில் நீங்களும் உங்கள் முழங்கால்களும் அந்தக் குண்டுப் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய அரிசிப் பலகாரம் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். நன்றி.

முதலில் ஒரு விண்ணப்பம். உறையைப் பிரித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். சிவப்பு மையில் கடிதம் வந்தால் இன்றோடு உறவு அறுந்தது என்று பொருள், அது எனக்கும் தெரியும். உறவெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இந்த வீட்டில் சிவப்புப் பேனாவைத் தவிர வேறு பேனா இல்லை, அவ்வளவுதான். உங்கள் தங்கையான என் மனைவி கேள்வியைக் கறுப்பிலும் பதிலைச் சிவப்பிலும் எழுதிப் படிக்கிறாள். அப்புறம் ஒரு சிவப்புக் கண்ணாடித்தாளை மேலே வைக்கிறாள். வைத்தால் சிவப்பு எழுத்து முழுக்க மாயமாகிவிடும், கறுப்பு மட்டும் நிற்கும். இப்படியே எழுதி எழுதிக் கறுப்புப் பேனா அத்தனையும் தீர்ந்துபோயின. வாங்கி வரலாம் என்றால் கடைத்தெருவில் பனி இடுப்பளவு. ஆனாலும் ஆள் பெயரைச் சிவப்பில் எழுதுவது ஆகாது என்பதை மறக்க நான் என்ன காட்டுமிராண்டியா? சாகக் கிடக்கும் கறுப்புப் பேனா ஒன்று அலமாரிக்கு அடியில் கிடைத்தது. பெயர் வரும் இடத்தில் மட்டும் அதை எடுப்பேன். மாற்றிப் பிடிக்க மறந்து அந்த வாக்கியம் முழுக்கக் கறுப்பிலேயே ஓடிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மையும் கொஞ்சம்தான் என்பதால் மற்ற இடங்களில் 'உங்கள் தங்கை' என்றே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிகுசாவுக்குப் பிப்ரவரி ஒன்பதாம் தேதி நர்ஸிங் பள்ளி நுழைவுத் தேர்வு. இது உங்களுக்கும் தெரியும். ஏனென்றால் தேறினால் இரண்டு வருஷம் தங்கிப் படிக்க உங்கள் மாடி அறையைக் கேட்டு எழுதியிருக்கிறாளாம், எனக்குத் தெரியாமல்! நாற்பத்தேழு வயதில் பள்ளிக்கூடம்! பத்தொன்பது வயதுப் பெண்களோடு உட்கார்ந்து! இருபத்து மூன்று வருஷமாகக் குடும்பம் நடத்தும் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்டாள் என்பது உண்மைதான். நான் அப்போது போர்வை போர்த்திய கணப்பு மேசைக்குள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தேன். 'ம்' என்றேனாம். தூக்கத்தில் சொன்ன 'ம்' எந்த நீதிமன்றத்தில் செல்லும், நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்றால், அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான். அங்கே தொண்ணூறு வயது முன்னாள் தபால்காரர் ஒருவர் இருக்கிறார். நர்ஸுகள் அவர் தலைமாட்டில் நின்று வாய்க்குள் நுழையாத வார்த்தைகளில் பேசிவிட்டுப் போனதும், அவர் உங்கள் தங்கையின் கையைப் பிடித்து, "எனக்கு என்னம்மா வந்திருக்கு? என்னமோ சொல்லிட்டுப் போறாங்களே" என்று கேட்டாராம். சிகுசா பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் அந்த வார்த்தையைத் தேடிப் பிடித்துவிட்டாள்: விழுங்கற்குறைபாடு. போய் அவரிடம் சொல்லிவிட்டு, முள்ளங்கி ஊறுகாயைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுத்தாளாம். மனிதர் நிம்மதியாகச் சாப்பிட்டாராம். ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? ருசி கண்டுவிட்டாள். இப்போது ஆயிரத்து இருநூறு வார்த்தைகள்.

அந்த ஆயிரத்து இருநூறும் என் உடம்பில்தான் இருக்கின்றன, மதினி! முப்பது வருஷம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டி, முழங்கால் தேய்ந்து, போன வசந்தத்தில் ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்றால் படுத்திருப்பது என்று நினைத்தேன். படுத்திருப்பவன் பாடப்புத்தகம் ஆகிவிடுவான் என்று யார் கண்டது? முதலில் துண்டுச் சீட்டுகளை ஒட்டினாள். நான் புரண்டு படுத்தால் சீட்டெல்லாம் உதிர்கிறதாம். ஆகவே போன செவ்வாய்க்கிழமை, நான் குப்புறப் படுத்துத் தூங்கியபோது, பனியனைத் தூக்கி முதுகிலேயே சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது. எழுந்தேன், சோம்பல் முறித்தேன், வழக்கம்போல மூன்று மணிக்குப் பொதுக்குளியல் வீட்டுக்குப் போனேன். சட்டையைக் கழற்றியதுதான் தாமதம், காசு வாங்கும் மேடையில் உட்கார்ந்திருந்த குளியல் வீட்டு அம்மா அந்தப் பக்கம் பெண்கள் குளிக்கும் அறை வரை கேட்கும்படி, "உடம்புல எழுத்தோ படமோ பச்சை குத்துன ரவுடிங்களுக்கு அனுமதி இல்லைன்னு வாசல்லயே போட்டிருக்கே! அறுபத்திரண்டு வயசுல ரவுடிக் கூட்டத்துல சேந்துட்டீங்களா?" என்றாள்.

"என்னது எழுத்தா? எங்க?" என்று நான் திரும்ப, என் முதுகும் என்னோடு திரும்பிற்று. பக்கத்தில் நின்ற மீன் ஏலக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தோள்பட்டை எலும்பு... அதுக்குக் கீழ விலா எலும்பு... இடது பக்கம் மண்ணீரல்..."

"போதும்யா!"

"இருங்க. இடுப்புக்கு மேல 'இதை மறுபடி படிக்கணும்'னு எழுதி ரெண்டு அடிக்கோடு போட்டிருக்கு."

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்? ஊர்க் கிழடுகள் ஏழு பேர் வெந்நீர்த் தொட்டியைவிட்டு எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "எனக்கு இந்த இடத்துலதான் குத்துது, இதுக்கு என்ன பேரு? உம்ம முதுகக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டும்" என்று ஒருவர். "ஈரல் எங்கய்யா, ஈரலக் காணோமே?" என்று இன்னொருவர். "அது முன்பக்கம், நாளைக்கு எழுதுவா" என்று நான் என்னையறியாமல் பதில் சொல்லித் தொலைத்தேன். மூன்று நாள் தேய்த்தும் அந்த மை போகவில்லை. நேற்று ஒருவர் வாசலிலேயே மறித்து, "உம்ம வீட்டம்மா பாஸாயிட்டா இங்கேயே வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்கிறார். எனக்கு மானம் போகிறது, ஊருக்கு நர்ஸ் கிடைக்கிறாளாம்.

தூக்கத்திலாவது நிம்மதி உண்டா? வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கனவு. என் பழைய பனிவண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன். எல்லாப் பக்கமும் வெள்ளை, சத்தமே இல்லை. தெருப்பலகையைப் பார்த்தால் 'பெருந்தமனி' என்று போட்டிருக்கிறது. என் உடம்புக்குள்ளேயே ஓட்டுகிறேன் போல. இளஞ்சூடான வெள்ளைப் பனி இருபுறமும் மெல்ல ஒதுங்கிக்கொண்டே போகிறது. நுரையீரல் பக்கம் காற்று கொஞ்சம் பலம். கணையத்தில் திரும்ப வேண்டும் என்று எனக்கே தெரிகிறது, மதினி! யாரும் சொல்லித்தராமல்! தெரு முனையில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு உங்கள் தங்கை விளக்கை ஆட்டி வழிகாட்டுகிறாள், நான் அவள் பக்கமாகவே ஓட்டுகிறேன், கிட்டே போகப் போக அவள் தள்ளித் தள்ளி நிற்கிறாள். விழித்துப் பார்த்தால் அவள் பக்கத்திலேயே மேசைக்குள் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறாள். சிகுசா தூக்கத்திலும் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுகிறாள். உதடு அசைகிறது. கையை உருவிக்கொள்ளலாம்தான். மரத்துப்போகும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

அந்தக் கண்ணாடித்தாளும் ஒரு பொல்லாத சாமான். நேற்று அவள் வேலைக்குப் போயிருந்தபோது பொழுது போகாமல் அதை எடுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தபால் பெட்டி காணாமல் போயிற்று. கோயில் வாசலின் சிவப்பு வளைவு போயிற்று. உலகமே ஒரே சிவப்புப் பனி, அழகாகத்தான் இருந்தது, அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பேன். அப்போது தெருமுனையில் ஒரு முகம் மட்டும் மிதந்து வந்தது. கழுத்து இல்லை, உடம்பு இல்லை. பாதி வழியில் குடையைச் சாய்த்தாள், முகமும் போயிற்று. அதே சிவப்புக் கோட்டு, குடையும் சிவப்புதான். பகீரென்று தாளைக் கீழே போட்டுவிட்டேன். அவள் உள்ளே வந்து பனியைத் தட்டிவிட்டு, "ஏங்க, என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? நாக்க நீட்டுங்க பாக்கலாம்" என்றாள். நீட்டினேன். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள், சரியாக வந்துவிட்டது போலிருக்கிறது, கைகொட்டிச் சிரித்தாள். சிகுசா இப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

ஆகையால் மதினி, காலில் விழுந்து கேட்கிறேன். மாடி அறை ஒழுகுகிறது, பூனைக்குத் தனிமை வேண்டும், எதையாவது சொல்லி இடமில்லை என்று எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறாள். சிகுசா இல்லாத வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

பனியில் வழுக்காமல் நடமாடுங்கள். உங்கள் முழங்கால்கள் பல்லாண்டு மடங்கி நிமிர வேண்டுகிறேன். பூனைக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
கென்சாகு

பின்குறிப்பு: இதை அவள் தேர்வுக்காகச் சீவி வைத்திருந்த பென்சிலால் எழுதுகிறேன். அவளே கொடுத்தாள். கடிதத்தை முடித்துவிட்டு அதன் மேலேயே கண்ணயர்ந்துவிட்டேன். வேலையிலிருந்து வந்தவள் சிவப்பு எழுத்தைக் கண்டதும் தன்னுடைய பாடக்குறிப்பு என்று நினைத்து, பழக்க தோஷம், மேலே தாளை வைத்துவிட்டாள். என் புகார் அத்தனையும் போயிற்று. ரவுடியும் இல்லை, மண்ணீரலும் இல்லை, ஒழுகும் மாடியும் இல்லை. நான் விழித்தபோது அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் மிச்சமிருந்த கறுப்பு வரிகளை வாசித்துக்கொண்டிருந்தாள். நீங்களும் வாசிக்கட்டும் என்று அந்தத் தாளையும் உறைக்குள் வைத்துவிட்டாள். வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வந்திருக்கும் கடிதம் இவ்வளவுதான்:

மியோகோ மதினிக்கு. சிகுசாவுக்குப் பிப்ரவரி ஒன்பதாம் தேதி நர்ஸிங் பள்ளி நுழைவுத் தேர்வு. சிகுசா பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாள். சிகுசா தூக்கத்திலும் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுகிறாள். சிகுசா இப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. சிகுசா இல்லாத வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. கென்சாகு.

"இத மட்டும் எழுதியிருந்தா ஒரு பக்கத்துல முடிஞ்சிருக்கும்ல?" என்றாள். மூக்கை உறிஞ்சினாள், சளி என்றாள். அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறாள். அப்புறம், "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரயில் ஏறி வந்துடுவேன். மத்த நாள் அஞ்சு மணியானா உங்க நாடிய நீங்களே எண்ணி எனக்கு ஃபோன்ல சொல்லுங்க" என்றாள். மதினி, மாடி அறையைக் காலி செய்து வையுங்கள். ஒழுகினால் நானே வந்து கூரையில் ஏறுகிறேன். இப்போது எண்ணிப் பார்த்தேன், நிமிஷத்துக்கு எண்பத்தெட்டு. கூடுதல்தானாம். தேர்வு முடிந்தால் இறங்கிவிடும் என்கிறாள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.