ஆறு வோல்ட் எலிமினேட்டரும் ஒரு லட்சம் பாயிண்டும்

கரமனை,
1997, சனிக்கிழமை

சிரஞ்சீவி மச்சினன் கைலாஷுக்கு அத்திம்பேர் ராமசுப்ரமணியனின் ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அக்கா பாகீரதியும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை நீ எழுத வேண்டாம். வியாழக்கிழமை இங்கே வந்து வயித்தைப் பிடிச்சுண்டு சிரிச்சியே, அதிலேயே தெரிஞ்சுது.

கையிலே பிடிச்சு ஆடற அந்த வீடியோ கேமை இங்கே மறந்து வச்சுட்டு, "அத்திம்பேர் ஐயாயிரம் பாயிண்ட் தாண்ட மாட்டார்"னு போன்ல சொன்னே. புதன்கிழமை லட்சம் தாண்டினேண்டா! எனக்கே நம்பிக்கை வரலை. மறுநாள் காலம்பற நீ வரே, உன் கண்ணாலயே பாருன்னு ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வச்சேன். அணைச்சா பாயிண்ட் போயிடும், செல்லைக் கழட்டினாலும் போயிடும், செல் தீரப் போறதுன்னு சிவப்பு லைட்டோ மங்கிண்டே வரது. செல்லுக்குப் பதிலா வீட்டுக் கரண்டிலே ஓட வைக்கற எலிமினேட்டர் வாங்கிச் சொருகறதைத் தவிர வேற வழியில்லை.

எதிராத்து நீலகண்டன், மின்சார இலாகாவிலே பெரிய எஞ்சினீயரா இருந்து ரிட்டயரான மகானுபாவன், தன்னோட டேப் ரெக்கார்டர் எலிமினேட்டரைத் தூக்கிண்டு ஓடி வந்தான். "முனை நுழையறது அல்லே, பின்னே எந்தா?"ங்கறான், நுழைஞ்சா போறுமாம். ஒன்பது வோல்ட்! இவன் கையிலேயா ஊர்க் கரண்டை இத்தனை வருஷம் விட்டு வச்சிருந்தா? அவனைத் துரத்திட்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனா, கடைக்காரர் மைதீன் "எல்லாம் ஒண்ணுதன்னே சாரே"ன்னு ரேடியோவோடதை எடுத்துப் போடறார். நான் விடுவேனா? மெஷினுக்குப் பின்னாலே இருக்கற பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுட்டுன்னா போயிருக்கேன்! ஆறு வோல்ட், நடுவிலே மைனஸ், வெளியிலே பிளஸ். ரேடியோவுக்கு நேர் தலைகீழ். கடையையே புரட்டச் சொல்லி, மீட்டர் வச்சு அளக்கச் சொல்லி, அவர் பிராணனை வாங்கி, சரியானதைத்தான் கொண்டு வந்தேன்.

சொருகினேன். திரை அணைஞ்சுது. அடுத்த க்ஷணம் புது ஆட்டம், பாயிண்ட் பூஜ்யம்! முனை உள்ளே போனதுமே அந்த மெஷின் முதல்ல செல்லைத் துண்டிச்சுட்டு, அப்புறம்தான் வெளிக் கரண்டை எடுத்துக்கறதாம். எந்த மடையன் பண்ணின ஏற்பாடுடா இது? தப்பானதைச் சொருகியிருந்தா கருகிடுத்துன்னாவது சொல்லிக்கலாம். சரியானதைச் சொருகிட்டு யாரைத் திட்டறது? நீயும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துட்டு, "நன்னா கதை விடறேள்"னு சொன்னே. அதுதாண்டா எனக்குத் தாங்கலை. ஆபீஸ்லே ஒருநாள்கூடப் பொய்க் கையெழுத்துப் போட்டவனில்லை நான். நம்பிக்கை இல்லேன்னா உன் அக்காவைக் கேளு. பக்கத்திலேயே இருந்து பார்த்தவள். இந்தக் கடுதாசியைப் பத்திரமா வச்சுண்டு, அங்கே உன்னோட சேர்ந்து சிரிச்ச எல்லார்கிட்டேயும் படிச்சுக் காட்டு.

ஆத்திலே எல்லாருக்கும் என் பூரண ஆசி. உனக்கு மட்டும் பாதி.

அத்திம்பேர்
ராமசுப்ரமணியன்

பின்குறிப்பு: சாட்சிக் கையெழுத்துக்காக இதைப் பாகீரதிகிட்டே நீட்டினேன். போட மாட்டேங்கறா. புதன்கிழமை நான் சந்தியாவந்தனம் பண்ண எழுந்து போனப்போ என் ஆட்டம் நாலாயிரத்திலே நின்னுண்டிருந்ததாம். மீதி முழுக்க அவள் ஆடினதாம், நான் திரும்பி வந்து பாயிண்டைப் பார்க்காம, விட்ட இடம்னு நினைச்சுத் தொடர்ந்தேனாம். "இவ்வளவு சந்தோஷப்படறாரே, கெடுப்பானேன்னு இருந்துட்டேன்"ங்கறா. பொய் எழுதிப் பழக்கமில்லாததாலே இதையும் எழுதறேன். இப்போ நீ வியாழக்கிழமையும் விட்டுட்டுப் போன அந்த மெஷின்லே எலிமினேட்டரைச் சொருகிண்டு, பிளக் பக்கத்திலேயே உக்காந்து ஆடிண்டிருக்கா, அடுப்பிலே சாதம் குழையறது. கடுதாசி கிடைச்சதும் கிழிச்சுப் போடு.